மலையேற ஒரு வேண்டுதல்

சும்மா மலை ஏறுவது என்று ஒன்று எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் ஏறுவார்கள், விறகுக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள், சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஏறுவார்கள். இதில் எதிலும் சேராத ஒரு பெண், அதுவும் புளி மண்டிக்காரர் மகள், காலையில் பஸ் பிடித்துப் போய் ஒரு மலை ஏறிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னால், அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்காது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுக் கிருஷ்ணகிரியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம், வீடு, வீடு, பள்ளிக்கூடம். நடுவில் ரவுண்டானா. அந்த ரவுண்டானாதான் எனக்கு உலகத்தின் வாசல். மெட்ராஸ் போகிற ரோடு ஒரு பக்கம், சேலம் ஒரு பக்கம், பெங்களூர் ஒரு பக்கம். மூன்று பக்கமும் பஸ் போகும். ஒன்றில்கூட நான் ஏற மாட்டேன். நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் வகுப்புக்குப் போவேன்.

மலை என்ற பேச்சை ஆரம்பித்தது எங்கள் தையல் டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், கிறிஸ்தவப் பெண், வேலூரில் படித்தவள். படிக்கும்போது சாரணியர் கூட்டத்தோடு ஏலகிரி மலை ஏறியிருக்கிறாள். அதற்கு அவர்கள் 'ஹைக்' என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

"ஹைக்னா?"

"மலை ஏறணும். மேல ஒக்காந்து கட்டுச்சோறு சாப்பிடணும். இறங்கி வந்துடணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுக்காகவும் இல்லாமல் ஒரு காரியம் செய்வது! எங்கள் வீட்டில் தலை வாருவதற்குக்கூட ஒரு காரணம் வேண்டும். அன்று ராத்திரியே நான் மலையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சூளகிரி. ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும், மூன்று முனையாக. சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பஸ் வளைய வளைய மலை இடம் மாறிக்கொண்டே இருந்தது. மேலே பழைய கோட்டைச் சுவர் ஒன்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒக்காரு" என்றார் அப்பா.

மலை முடிவாகிவிட்டது. மீதி எல்லாம் பஸ். அதில்தான் என் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் போட்டேன். ஓசூர்ப் பக்கம் போகிற பஸ்களின் கண்டக்டர்கள் எங்கள் மண்டியில், வியாபாரிகள் விலை பார்க்கக் கொடுத்தனுப்புகிற புளிப் பொட்டலங்களை இறக்கிவிட்டுப் போவார்கள். மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அங்கே நின்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அவர்களும் தெலுங்கில் பாதி, கன்னடத்தில் கால், தமிழில் மீதி என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு வாரத்தில் அந்த ரோடு முழுவதும் என் தலைக்குள் இருந்தது. விடிந்ததும் கிளம்புகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும், அதில்தான் முன் சீட்டு பெண்களுக்குக் கிடைக்கும். அடுத்த பஸ் என்றால் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும், தண்ணீர் ஊற்றி ஆறும்வரை ரோட்டோரம் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது பெங்களூரிலிருந்து நேராக வருகிற பஸ்ஸை நம்பவே கூடாது. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், கள்ளும் சாராயமும் தாராளம். இந்தப் பக்கம் மதுவிலக்கு. எல்லையில் போலீஸ்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிரித்து பாட்டில் தேடுவார்கள். பஸ் எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. ஓசூரிலிருந்தே புறப்பட்டு வருகிற பஸ் ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் அது சூளகிரிக்கு வந்துவிடும். அதுதான் எங்களுக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. அன்றைக்குக் குந்தாரப்பள்ளி சந்தை. மாடு வாங்குகிறவன், ஆடு விற்கிறவன், மிளகாய் மூட்டைக்காரன் எல்லாரும் அந்த ஒரு ரோட்டில்தான். ஆகவே சனிக்கிழமை. தை மாதம், வெயில் ஏறுவதற்கு முன்.

தையல் டீச்சரிடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்ததை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ டீச்சரா, பஸ் முதலாளியா?"

அவளிடம் பழைய கான்வாஸ் ஷூ இரண்டு ஜோடி இருந்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தாள். புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு, பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு பேரும் நடந்து பார்த்தோம். ஆயா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு சிரித்தது அதற்குப் பிறகு எப்போது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

தையல் டீச்சருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். என்னோடு போகிறாள், என் வீட்டாருக்குத் தெரிந்து போகிறாள் என்றால் விடுவார்கள். தனியாக என்றால் படி தாண்ட முடியாது. எனக்கும் அதே. ஆகவே எல்லாம் எங்கள் வீட்டில் கேட்பதில் வந்து நின்றது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். கை நிற்கவில்லை.

"எதுக்கு?"

"மலை ஏறத்தாம்மா."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன். அங்க யாரு வூடு இருக்குது நமக்கு?"

"வூடு எதுக்கு? ஏறிட்டு வந்துடுவோம்."

"காலு கையி ஒடையறதுக்கா?"

அம்மா முறத்தைத் தட்டினாள். பேச்சு முடிந்துவிட்டது என்பது அந்தத் தட்டலில் தெரிந்தது. ஒரு வாரம் சேர்த்து வைத்த பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக நான் இல்லாமல் கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அது வாயில் வந்தது.

"ஒரு வேண்டுதல்மா."

முறம் நின்றது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படிக்கப் போனதிலிருந்து நான் கோயிலுக்கு வருவதில்லை என்று அவளுக்கு ஒரு குறை.

"எந்தச் சாமிக்கு?"

"அந்த மலை மேல ஒரு ஆஞ்சநேயர் இருக்காராம். சனிக்கிழமை போவணும்னு வேண்டிக்கிட்டேன்."

கோட்டை இருக்கிற மலையில் எங்கேயாவது ஒரு பாறையில் ஒரு அனுமார் இல்லாமலா போவார் என்று ஒரு குருட்டுக் கணக்கு. அம்மா வாயைத் திறந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்கப் போகிறாள். அதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். "இன்னான்னு கேக்காதம்மா. வெளிய சொன்னா பலிக்காதுல்ல."

அம்மா கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யோ வேணாம், சொல்லாத" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சியை நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் பாவம். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்க முடியாது. கேட்டால் பலிக்காது. எவ்வளவு அருமையான கதவு! நம் ஆட்கள் இதை இத்தனை காலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். கல்யாணமாகாத பெண் ஒருத்தி என்ன வேண்டிக்கொண்டாள் என்று சொல்லாவிட்டால், எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கு எட்டவே இல்லை. படித்தவள் அல்லவா?

அப்பா தலை நிமிராமலே சரி என்றார். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காவேரிப்பட்டணத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து, பாகப்பிரிவினை எதுவும் அவள் இல்லாமல் நடந்ததில்லை. வந்ததும் வராததுமாக என் முகவாயைப் பிடித்துத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"சனிக்கெழம வேணாம். வெள்ளிக்கெழம போவலாம்" என்றாள்.

"போவலாமா? நீங்களும் வரீங்களா?"

"பின்ன? ரெண்டு கன்னிப் பொண்ணுங்கள மலைக்கு அனுப்பிட்டு நாங்க இங்க ஒக்காந்து மூக்கைச் சொறிஞ்சிக்கினு இருக்கறதா?"

"அத்தை, ஆஞ்சநேயருக்குச் சனிக்கிழமைதான்."

"அவருக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். கல்லா நிக்கறவருக்கு வெள்ளி இன்னா, சனி இன்னா?"

"வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தை அத்தை. பஸ்ஸுல ஆடு ஏத்துவாங்க."

"ஆடு மேல நிக்கும், நாம உள்ள ஒக்காருவோம். ஆட்டுக்கும் நமக்கும் இன்னா சண்டை?"

முதல் பஸ்ஸும் போயிற்று. இருட்டோடு கல்யாணமாகாத பெண்ணை ரோட்டில் நிறுத்துவதா என்றாள் அத்தை. ரேடியேட்டர் கொதிக்கிற இரண்டாவது பஸ்தான் முடிவாயிற்று. கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோறு சொல்லியிருந்தேன், அது போய்ச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் வந்தது. ஏறி இறங்கத் தோதாக ஒரு பழைய வாயில் புடவை எடுத்து வைத்திருந்தேன். அதைக் காணோம். அந்த இடத்தில் அம்மாவின் அரக்குப் பட்டு இருந்தது. ஷூவை அத்தை கண்டுபிடித்துவிட்டாள். ஒரு விரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டுதலுக்குப் போறவ இதைப் போட்டுக்கினா ஏறுவா?" என்று கேட்டாள். நான் ஒருத்தியாகப் போட்ட திட்டத்தை நாலு பேர் சேர்ந்து இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு இழைக்கும் சண்டை போட்டேன். ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுத்தேன். மலை மட்டும் மிஞ்சினால் போதும் என்று. ஆடு, பட்டுப்புடவை, அத்தை, எல்லாவற்றோடும் ஏறிவிடுகிறேன், மேலே போய் நின்றுவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்கப் போனேன். சாதாரணமாக அரை நாள் லீவுக்கே ஆயிரம் கேள்வி கேட்கிற தலைமையாசிரியை, சிரித்த முகத்தோடு, "போய்ட்டு வாம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். அதையும் நான் மலையேற்றத்துக்குச் சொன்ன வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் தையல் டீச்சர் நின்றிருந்தாள். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நான் சொன்னபடியேதான் வந்தது. உள்ளே நிற்க இடமில்லை. மேலே ஆடுகள் காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் கூரையில் தடதடவென்று கேட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "எக்கு எக்கு, பேகா பன்னி, உள்ள போம்மா, உள்ள இன்னும் ஊரே காலியா கெடக்குது" என்று மூன்று பாஷையிலும் சீக்கிரம் ஏறச் சொல்லி விரட்டினார். அம்மா வடைத் தூக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். குந்தாரப்பள்ளியில் பாதிப் பேர் இறங்கினார்கள். கூரையிலிருந்து ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்து முடிக்கிறவரைக்கும் பஸ் நின்றது. அதற்கப்புறம் ஏற்றத்தில் ஒரு தடவை கொதித்து நின்றது. எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னது. சொன்னது நடக்கும்போது ஒரு சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? எனக்கு எரிச்சலில் கண்ணீர் வந்தது. நாங்கள் சூளகிரியில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் மலை அங்கேயே இருந்தது. மூன்று முனையும் அப்படியே. கிட்டத்தில் பார்த்தால் பஸ்ஸிலிருந்து தெரிந்ததைவிடப் பெரிதாக, கறுப்பாக, மழை வழிந்த தாரைகளோடு. நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க அத்தை, இப்ப ஏறினாத்தான் திரும்பி வர பஸ்ஸைப் புடிக்க முடியும்."

"இரு இரு. மொதல்ல கீழ பெருமாளைச் சேவிச்சிட்டுத்தான் மேல."

அடிவாரக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. முகம் கழுவிக்கொள் என்றாள். எதற்கு, மலை ஏறினால் மறுபடி வியர்க்கும் என்றேன். அம்மா என் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே என் கண்ணைப் பார்க்காமல் இருந்தாள். அப்பா கோயில் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஐந்தாறு பேர் இறங்கினார்கள். ஒரு தட்டில் பழமும் வெற்றிலையும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அத்தை, இது என்ன?"

"ஓசூர்ல தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவாம். நல்ல எடம். நீ வேண்டிக்கிட்ட வேளை பாரு, மறுநாளே எனக்குச் சேதி வந்துச்சி." அத்தையின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. உண்மையாகவே கலங்கியிருந்தது. "அனுமாரு கை விடலம்மா."

தையல் டீச்சர் மண்டபத்துத் தூணருகே நின்றாள். ஷூவைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்து, "நான் வேணா போய்ட்டு வந்துடட்டுங்களா? விறகுக்குப் போற பொம்பளைங்க ரெண்டு பேரு அங்க போறாங்க" என்றாள். அம்மாவுக்கு வேற்றுப் பெண் ஒருத்தி அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பது நல்லது என்று பட்டிருக்க வேண்டும். "போய்ட்டு வாம்மா, பத்திரம்" என்றாள். தையல் டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். குனிந்த மேனிக்கே கண்ணை மட்டும் திருப்பினால் பாறை தெரிந்தது. பாறையில் அவளுடைய நீலப் புடவை ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாயாராக வந்திருந்த அம்மாளுக்கு என்னை உடனே பிடித்துப்போயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஓசூர்ப் பேச்சு, தமிழுக்குள் கன்னடம் கலந்து வரும்.

"மலை ஏறணும்னு நேந்துக்கிட்டியாமே? இந்தக் காலத்துல படிச்ச பொண்ணுக்கு இவ்ளோ பக்தி!"

நான் நிமிர்ந்தேன். இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. தெளிவாக, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "நேந்துக்கலைங்க. வேண்டுதல் எதுவும் இல்ல. மலை ஏறிப் பாக்கணும்னு தோணிச்சு. வூட்ல விட மாட்டாங்கன்னு அப்படிச் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். சரி, முடிந்தது, இனி இவர்கள் எழுந்து போவார்கள், அடி விழுந்தால் விழட்டும் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் சிரித்தார். வாய்விட்டு, நிஜமான பிரியத்தோடு. "சும்னே யாராச்சும் மலை ஏறுவாங்களா?" என்று என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுன்னு எவ்ளோ ஜாக்கிரதையா மறைக்குது! எங்க வூட்டுக்கு இப்படி ஒரு பொண்ணுதான் வேணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூட. கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரும் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஆமாம் ஆகிக்கொண்டிருந்தது. மறுபடி சொன்னேன். இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை.

வேலைப் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கு அனுப்புகிற வழக்கம் இல்லை என்றார்கள். "அது இன்னாத்துக்கு? வூட்ல சும்மா இருக்கறாளேன்னுதான் அனுப்பினோம்" என்றார் அப்பா. தட்டு கை மாறிற்று.

வெயில் இறங்கும் நேரத்துக்குத் தையல் டீச்சர் வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிவந்து, புடவை ஓரம் முள்ளில் கிழிந்து, முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. அத்தை எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்.

"அனுமாரு இருந்தாரா?"

நான் மனதுக்குள் அவளிடம் கெஞ்சினேன். இல்லை என்று சொல்லேன், என் பொய் உடைந்து விழட்டும், ஒரு கல்யாணம் நின்று போகட்டும். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

"இருக்காருங்க. பெருசா, வாலைத் தூக்கிக்கிட்டு. பாறையில செதுக்கி இருக்குது."

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பெண் ஒரு அனுமாரைப் படைத்து மலை உச்சியில் நிறுத்திவிட்டாள். வந்திருந்த அம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தையும் அம்மாவும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

ஓசூரிலிருந்து வருகிற என் பஸ் நேரத்துக்கு வந்தது. நானும் தையல் டீச்சரும் பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் முன்னால். பஸ் இரைச்சலில் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் ஷூவில் ஒட்டியிருந்த புல்முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாங்க. உங்க அத்தை அவங்ககிட்ட வந்து உன் குணம் எப்படின்னு விசாரிச்சாங்களாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"நீ வரலன்னா என்னை யாரு விடுவாங்க?"

அவள் அதை மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கொதித்தது. அவள் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அதைவிடக் கேவலம், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம்தான் என்னால் பொறுக்க முடிந்தது.

"மேல எப்படி இருந்துச்சு?"

சொன்னாள். காற்று புடவையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்ததாம். சுவர் பாதி விழுந்து கிடக்கிறதாம், அதில் ஏறி உட்கார்ந்தாளாம். ரோடு ஒரு நூல் மாதிரி, பஸ் ஒரு எறும்பு மாதிரி. ஏரி ஒன்று தகரத் துண்டு மாதிரி. கோயில் மண்டபம்கூடத் தெரிந்ததாம், ஆனால் ஆட்கள் தெரியவில்லையாம். சாமி? சாமி கீமி ஒன்றும் கிடையாது, வெறும் பாறை. சந்தை முடிந்து போகிறவர்கள் குந்தாரப்பள்ளியில் கோழியும் கூடையுமாக ஏறி எங்களை நெருக்குகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளைச் சபித்தேன். நிறுத்தியபோது, அப்புறம் என்று கேட்டேன்.

வைகாசியில் கல்யாணம். அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். கல்யாணம் நடந்துவிட்டதால் வேண்டுதல் பலித்துவிட்டது. பலித்த வேண்டுதலைத் தீர்க்க வேண்டும். ஆவணியில் வடைமாலை கட்டிக்கொண்டு எல்லாரும் மறுபடி சூளகிரிக்குப் போனோம். சரி, இப்படியாவது ஏறிவிடுகிறேன் என்று நானும் பேசாமல் கிளம்பினேன். அடிவாரத்தில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். தாலி கட்டிய வருஷம் புதுப்பெண் மலை ஏறக் கூடாதாம். வீட்டுக்காரர் மட்டும் மாலையை எடுத்துக்கொண்டு போனார். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தார். "நல்ல தரிசனம்" என்றார். எந்தத் திருப்பத்தில் மாலையை வைத்துவிட்டுப் பீடி குடித்துவிட்டு வந்தாரோ, நான் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நோண்டிக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் தையல் டீச்சர் ஓசூருக்கு வந்தாள். இப்போது அவளுக்கு இங்கே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். காபி குடித்துக்கொண்டே, மாமியார் கூடத்தில் இருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"நாட்றாம்பாளையம் பக்கம் ஒரு மலை இருக்காம். காடு, கீழ ராகிக் கொல்லை, மேல ஏறினா காவேரியே தெரியுமாம். காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம். வரியா?"

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேலியாகக் கேட்டார். "இன்னா, இன்னொரு வேண்டுதலா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் மாமியார் திரும்பிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அவர் முகத்தில் அன்றைக்கு மண்டபத்தில் பார்த்த அதே பிரியம் பரவியது.

"போய்ட்டு வரட்டும்" என்றார் மெதுவாக. "எதுக்குன்னு யாரும் கேக்காதீங்க. நல்லது நடந்தா சரி."

கதவு திறந்திருந்தது. நான் எழுந்து வெளியே போனால் போதும். பஸ்ஸுக்கு வழியனுப்பக்கூட அவரே வருவார். அப்புறம் மாதா மாதம் அவர் என்னை அந்தப் பார்வை பார்ப்பார். நான் ஏறிய மலைக்கு ஒரு பிள்ளையைப் பதில் கொடுக்கும்வரை பார்ப்பார். கொடுக்க முடியாவிட்டால், வேண்டிக்கொண்டும் பலிக்காதவள் என்பார்கள்.

"வேணாம்" என்றேன். "எனக்கு வெயில் ஒத்துக்காது. நீ போய்ட்டு வா."

தையல் டீச்சர் எழுந்துகொண்டாள். அவளுக்கு இப்போது துணை வேண்டியதில்லை, தனியாகவே போகிற வயதும் தைரியமும் வந்துவிட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, தேன்கனிக்கோட்டை போய் அங்கிருந்து அஞ்செட்டி பஸ் பிடித்தால் அது நேராக நாட்றாம்பாளையத்துக்கே போய்விடுமாம், அப்படித்தான் போகப் போகிறேன் என்றாள்.

"அது அஞ்செட்டியோட நின்னுடுது" என்றேன். "மழையில ரோடு அரிச்சிட்டுப் போயிடுச்சி. மீதி தூரம் நடக்கணும். சாயங்காலம் அதே பஸ்ஸுக்குத் திரும்பி வந்து சேர முடியாது, அதுக்கப்புறம் அஞ்செட்டியிலேருந்து வாழைக்காய் ஏத்திக்கிட்டு ஒரு லாரி வரும். பொம்பளைங்கள முன்னால ஒக்கார வெச்சிக்குவாங்க."

அவள் ஒரு செருப்போடு நின்று என்னைப் பார்த்தாள். "வீட்டை விட்டே நீ வெளிய போறதில்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே மாமியார் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.